லீட் சரியா வரலையா? கையா, காதா, கிடாரான்னு கண்டுபிடிக்கிற வழி

எங்கிட்ட கிடார தூக்கிட்டு வர்ற பசங்க பெரும்பாலும் ஒரே விஷயத்தத்தான் சொல்வாங்க, "அண்ணா, லீட் நல்லாவே இல்ல, ஸ்பீடு பத்தல". லீட்னா பாட்டுக்கு மேல தனியா ஒத்த ஒத்த நோட்டா வாசிக்கிறது. சரி வாசின்னு சொன்னா ஸ்பீடு இருக்கும் சுருதி இருக்காது, இல்ல சுருதி இருக்கும் ஆனா பக்கத்து கம்பியெல்லாம் கூடவே கத்திட்டிருக்கும். அதனால "லீட் வரல"ன்னு மொத்தமா சொல்றத விட்டுட்டு காதுல என்ன கேக்குதுன்னு பாத்து அங்கேருந்து காரணத்துக்குப் போங்க. கீழ ஒவ்வொரு தலைப்பும் ஒரு அறிகுறி, உங்களுக்கு எது பொருந்துதோ அங்க நேரா போயிடலாம். காசு செலவில்லாத காரணம் முதல்ல, பர்ச தொறக்க வேண்டியது கடைசில.

## எதுக்கும் முன்னாடி மூணு விஷயம்

ட்யூனர் போட்டு ட்யூன் பண்ணுங்க, அதுவும் வாசிக்கிற நிலையில உக்காந்து. படுக்க வச்சு ட்யூன் பண்ணி நிமித்தி வாசிச்சா சில கிடார்ல லேசா மாறும்.

கம்பிக்கு அடிப்பக்கமா விரல ஓட்டிப் பாருங்க. சொரசொரன்னு இருந்தாலோ விரல்ல கறுப்பா ஒட்டினாலோ மாத்துங்க, மத்ததெல்லாம் அப்புறம். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் மாதிரி கடலோர ஊர்ல, கை வேர்க்குற ஆளா இருந்தா, சாதா கம்பி சீக்கிரமே துருப்பிடிக்கும். வாசிச்சு முடிச்சதும் காஞ்ச துணியால தொடைக்கிறதுதான் இருக்குறதுலயே சீப்பான வைத்தியம்.

மூணாவது, போன்ல ஒரு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணுங்க. வாசிக்கும்போது நம்ம காது கைய கவனிச்சிட்டிருக்கும், சத்தத்த கவனிக்காது. அறிகுறிய ரெக்கார்டிங் கேட்டுதான் முடிவு பண்ணனும், ஞாபகத்த வச்சு இல்ல.

## பெண்ட் பண்ணா சுருதி சேரல

லீட் கேக்க சகிக்கலன்னா பத்துக்கு எட்டு தடவ இங்கதான் கோளாறு. அதனால இங்க கொஞ்சம் நிதானமா போறேன். பெண்ட்னா அழுத்தின கம்பிய விரலால பக்கவாட்டுல தள்ளி சுருதிய ஏத்துறது.

முதல் டெஸ்ட்: மூணாவது கம்பி (மெல்லிசு கம்பிலேருந்து எண்ணி), 9ஆவது ஃப்ரெட்ட (நெக்ல குறுக்க இருக்குற உலோகப் பட்டை) அழுத்தி தட்டுங்க. அது ஈ (E)ங்குற நோட். அந்த சத்தத்த வாயால பாடுங்க. இப்போ அதே கம்பில 7ஆவது ஃப்ரெட், அது டி. அத பெண்ட் பண்ணி அந்த ஈ-க்கு கொண்டு போங்க. எதிர்ல ட்யூனர் ஓடிட்டே இருக்கட்டும், ஆனா பெண்ட் பண்ணி நிறுத்தினதுக்கு அப்புறம்தான் அத பாக்கணும்.

எங்க நிறுத்துறதுன்னே தெரியல. இது காது பிரச்சனை, கைக்கு சம்பந்தமே இல்ல. போக வேண்டிய நோட்ட பாடத் தெரியலன்னா விரல் எப்படி கண்டுபிடிக்கும்? யூனிசன் பெண்ட் நல்ல மருந்து. ரெண்டாவது கம்பி 5ஆவது ஃப்ரெட்ல ஆள்காட்டி விரல வச்சா ஈ, மூணாவது கம்பி 7ஆவது ஃப்ரெட்ட மோதிர விரலால அழுத்தி ரெண்டையும் சேத்து தட்டி, மூணாவத மட்டும் தூக்கிட்டே போங்க. கிட்ட வரும்போது ரெண்டு சத்தமும் அலையடிக்கும், சேந்ததும் அந்த அலை நின்னுடும். கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவங்களுக்கு இது சீக்கிரம் வரும், கமகம் கேட்டுப் பழகின காதுதான. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் ஃப்ரெட் இருக்குற எலக்ட்ரிக் மாண்டலின்லயே அவ்வளவு கமகம் வாசிச்சாரு, ஃப்ரெட் ஒரு தடையே இல்ல.

எங்க போகணும்னு தெரியுது, கை எட்ட மாட்டேங்குது. பெரும்பாலும் ஒத்த விரல்ல தள்ளிட்டிருப்பீங்க. மோதிர விரல்ல பெண்ட் பண்ணும்போது பின்னாடி நடுவிரலும் ஆள்காட்டி விரலும் அதே கம்பில இருந்து சேந்து தள்ளணும். கட்டைவிரல நெக்குக்கு மேல கொண்டாந்து பிடிங்க. விரல நீட்டி தள்ளக்கூடாது, விரல் மடங்கினபடியே இருக்க, மணிக்கட்டு திரும்பணும். கிளாசிக்கல் க்ளாஸ்ல கட்டைவிரல் நெக் பின்னாடி நடுவுல இருக்கணும்னு சொல்லிக் கொடுத்திருப்பாங்க, அது அங்க சரி, பெண்டுக்கு ஆகாது.

மூணு விரல் போட்டும் விரல் நுனி கிழியுது. இப்போ கிடார பாக்கலாம். அகூஸ்டிக் கிடார்லயா லீட் பழகுறீங்க? அதுல வழக்கமா 0.012, இல்ல 0.011 செட் (முதல் கம்பியோட தடிமன், இன்ச்ல) போட்டிருப்பாங்க, மூணாவது கம்பி சுத்துக்கம்பியா இருக்கும், அத ஒரு முழு டோன் தூக்குறது தேர்ந்த ஆளுக்கே வேலைதான். உங்க கை மேல தப்பு இல்ல. 0.010 செட்டுக்கு இறங்குங்க, இல்லன்னா எல்லா கம்பியையும் அர டோன் இறக்கி ட்யூன் பண்ணிப் பழகுங்க. எலக்ட்ரிக்ல 0.010லேருந்து 0.009க்கு வந்தாலே வித்தியாசம் தெரியும். மெல்லிசு கம்பி போட்டா டோன் போயிடும்னு ஒரு வாதம் எப்பவும் ஓடிட்டே இருக்கும். பிளாக் சப்பாத் பேண்டோட கிடாரிஸ்ட் டோனி அயோமி ஃபேக்டரி விபத்துல விரல் நுனி போனதுக்கப்புறம் மெல்லிசு கம்பி போட்டுதான் வாசிச்சாரு, அவர் டோன் சின்னதுன்னு யாராவது சொல்லட்டும் பாப்போம்.

பெண்ட் ஏறுது, பாதில சத்தம் செத்துடுது. 12ஆவது ஃப்ரெட்டுக்கு மேல முதல் ரெண்டு கம்பில இது நடந்தா, ஃப்ரெட்போர்டு வளைவும் ஆக்‌ஷனும் ஒத்துப்போகல, ஆக்‌ஷன்னா கம்பி ஃப்ரெட்டுக்கு மேல நிக்குற உயரம். பழைய பாணி ஃபெண்டர் நெக்ல வளைவு 7.25 இன்ச், நல்லா உருண்டையா இருக்கும், அதுல ஆக்‌ஷன ரொம்ப இறக்கினா பெண்ட் பண்ற கம்பி அடுத்த ஃப்ரெட்ல போய் முட்டும். சின்ன ஆலன் கீ எடுத்து அந்த கம்பியோட சேடில (கம்பியோட உடம்புப் பக்க முனை உக்காருற துண்டு) கால் சுத்து ஏத்திப் பாருங்க. சரியாச்சுன்னா முடிஞ்சது. எல்லா ஃப்ரெட்லயும் நல்லா இருந்து ஒரே ஒரு ஃப்ரெட்ல மட்டும் சாகுதுன்னா பக்கத்து ஃப்ரெட் தூக்கிட்டு நிக்குது. அத நீங்க தேய்க்காதீங்க. ஃப்ரெட் லெவலிங் தெரிஞ்ச ரிப்பேர் ஆள்கிட்ட கொடுங்க.

பெண்ட் பண்ணி இறக்கினதும் அந்த கம்பி ட்யூன் விட்டுப் போகுது. ட்யூன் பண்ணும்போது நட் (நெக்கோட தலைப் பக்கம் கம்பி உக்காருற பட்டை) பக்கம் "டிங்"னு சத்தம் வருதா? கம்பி நட் பள்ளத்துல சிக்குது. கம்பிய லூஸ் பண்ணி, பென்சில் கரிய அந்தப் பள்ளத்துல நல்லா தேய்ச்சு திரும்ப மாட்டுங்க. அதுலயும் தீரலன்னா பள்ளத்த அகலப்படுத்தணும், அதுக்கு கம்பி சைஸுக்குன்னு தனி அரம் இருக்கு, வீட்டு அரத்தால பண்ணா பள்ளம் ஆழமாகி ஓப்பன் கம்பி இரையும், அப்புறம் நட்டையே மாத்தணும். புதுக்கம்பியா இருந்தா இன்னொரு காரணமும் உண்டு, மாட்டினதும் கையால நாலஞ்சு தடவ இழுத்து விட்டு ட்யூன் பண்ணியிருக்க மாட்டீங்க.

ஒண்ணு மட்டும் கோளாறுன்னு நினைச்சுக்காதீங்க: மிதக்குற ட்ரெமலோ பிரிட்ஜ் (ஸ்ப்ரிங்ல ஆடுற பிரிட்ஜ்) இருக்குற கிடார்ல ஒரு கம்பிய பெண்ட் பண்ணா மத்த கம்பி லேசா சுருதி இறங்கும். அது அந்த டிசைன் அப்படி. மேல சொன்ன யூனிசன் பெண்ட்ட அந்த கிடார்ல பழகினா பைத்தியம் பிடிக்கும்.

## வைப்ரேட்டோ ஆடு கத்துற மாதிரி இருக்கு

வைப்ரேட்டோன்னா பிடிச்ச நோட்ட லேசா ஆட்டி அலையவிடுறது. கிடார் இதுல நிரபராதி. பிரச்சனை ரெண்டே ரெண்டு, ரொம்ப வேகமா ஆட்டுறீங்க, தாளம் இல்லாம ஆட்டுறீங்க.

மெட்ரோனோம் 60ல வைங்க. ஒரு நோட்ட கொஞ்சமா பெண்ட் பண்ணி பழைய சுருதிக்கே திரும்ப வாங்க, ஒரு க்ளிக்குக்கு ரெண்டு தடவ. திரும்பி வர்றதுதான் முக்கியம், நிறைய பேர் மேல போயிட்டு பாதில திரும்ப ஏறிடுவாங்க, அதனால நோட்டே ஷார்ப்பா கேக்கும். அப்புறம் மூணு, அப்புறம் நாலு. ஆள்காட்டி விரலோட அடிப்பக்கம் நெக்கோட கீழ் விளிம்புல ஒட்டியிருக்கட்டும், அங்கேருந்து மொத்த கையும் திரும்பணும், விரல் மட்டும் துடிக்கக் கூடாது.

பெண்ட் பண்ணி மேல நிறுத்தி அங்க வைப்ரேட்டோ போடுறது தனி வேலை. அங்க கம்பிய லேசா இறக்கி திரும்ப ஏத்தணும். மேல சொன்ன பெண்ட் சரியா வராம இதுக்கு வராதீங்க.

## பக்கத்து கம்பியெல்லாம் கூடவே சத்தம் போடுது

ஆம்ப க்ளீனுக்கு மாத்தி அதே லைன வாசிங்க. சத்தம் மொத்தமா போயிடுச்சுன்னா முதல்ல கெய்ன (ஆம்ப்ல சத்தத்த கரகரப்பாக்குற அளவு) பாதியா குறைங்க. வீட்ல தனியா வாசிக்கும்போது கெய்ன் ஏத்தினா சுகமா இருக்கும், ஒண்ணுக்கு ரெண்டா கேக்கும், அதனால எல்லாரும் ஏத்துறாங்க. பேண்டோட சேந்து வாசிக்கும்போது அதுல பாதி போதும்.

குறைச்சும் இருந்தா, தலைமுடிக்குப் போடுற துணி ரப்பர் பேண்ட் ஒண்ண நட் பக்கத்துல, முதல் ஃப்ரெட் மேல, கம்பிகள சுத்திப் போடுங்க. சத்தம் நின்னா உங்க ம்யூட்டிங்தான் (வாசிக்காத கம்பிய கையால அடக்குறது) பத்தல. ஸ்டுடியோல ரெக்கார்டிங்குக்கு இத போட்டே வாசிக்கிறவங்க இருக்காங்க, ஓப்பன் கம்பி வேணாம்னா அதுல தப்பில்ல, ஆனா பழகும்போது ஊன்றுகோலா வச்சுக்காதீங்க.

ம்யூட்டிங் பத்தலன்னா எந்தப் பக்கத்து கம்பி கத்துதுன்னு பாருங்க.

வாசிக்கிற கம்பிய விட தடிச்ச கம்பி கத்துனா, வலது கை வேலை. உள்ளங்கையோட ஓரம் தடிச்ச கம்பிங்க மேல சாஞ்சிருக்கணும், நீங்க கீழ் கம்பிக்குப் போகப் போக கையும் கூடவே இறங்கி வரணும். நிறைய பேர் கைய பிரிட்ஜ்ல நங்கூரம் போட்டு வச்சிட்டு விரல மட்டும் நீட்டி எட்டுவாங்க, அங்கதான் ஓட்டை.

மெல்லிசு கம்பி கத்துனா இடது கை. ஆள்காட்டி விரல் நுனியால குத்தி நிக்கக் கூடாது, கொஞ்சம் படுத்து, அடிப்பக்கம் கீழ இருக்குற கம்பிய தொட்டுட்டே இருக்கணும். தொட்டா போதும், அழுத்த வேணாம். விரல் நுனிக்கு பக்கத்து தடிச்ச கம்பியையும் அதே விரல் நுனி லேசா முட்டி அடக்கிடும்.

பெண்ட இறக்கும்போது மட்டும் "கிர்ர்"னு வருதா? தூக்கும்போது விரலுக்கு அடில போன கம்பி இறங்கும்போது எகிறுது. பெண்ட் மேல இருக்கும்போதே உள்ளங்கையால நிறுத்திட்டு அப்புறம் இறக்குங்க.

கம்பிய தொடாமலே "ம்ம்ம்"னு இரைச்சல். அது ம்யூட்டிங் இல்ல, கரண்ட். நம்ம ஊர் மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ், சிங்கிள் காயில் பிக்கப் (கம்பி அதிர்வ கரண்டா மாத்துற, ஒத்தச் சுருள் இருக்குற காந்தம்) அத அப்படியே வாங்கிக்கும். கிடார கையில வச்சிட்டு சுத்தித் திரும்புங்க, லேப்டாப் சார்ஜர், டிம்மர், மானிட்டர் பக்கம் திரும்பும்போது ஏறினா இடத்த மாத்துங்க. கம்பிய தொட்டதும் இரைச்சல் குறைஞ்சா உள்ள பிரிட்ஜுக்குப் போற எர்த் ஒயர் நல்லா இருக்குன்னு அர்த்தம். தொட்டதும் ஏறினா, இல்ல தொட்டாலும் தொடாட்டியும் ஒரே மாதிரி இரைஞ்சா, கேபிள மாத்திப் பாத்துட்டு அப்புறம் அந்த ஒயர சந்தேகப்படுங்க, சின்ன சால்டரிங் வேலைதான்.

மைக்க உதடு தொட்டதும், இல்ல கம்பிய தொட்டதும் ஷாக். உடனே நிறுத்துங்க. ஆம்போட மூணு பின் ப்ளக்க ரெண்டு பின் கன்வெர்ட்டர்ல சொருகியிருக்கீங்களா பாருங்க, எர்த் அங்கயே போச்சு. கோயில் கச்சேரி, கல்யாண மண்டப ஸ்டேஜ்ல ஜெனரேட்டர் லைன்ல இது சாதாரணமா நடக்குது, "லேசாத்தான் அடிக்குது"ன்னு அப்படியே வாசிச்சு முடிக்காதீங்க. எலக்ட்ரீஷியன் வந்து எர்த்திங் செக் பண்ற வரைக்கும் கிடார தொட வேணாம். இன்னொண்ணு, ட்யூப் ஆம்ப ப்ளக்க புடுங்கிட்டாலும் நீங்களா தொறக்காதீங்க, உள்ள கெப்பாசிட்டர்ல பல நூறு வோல்ட் தங்கியிருக்கும்.

## ஒரு வேகத்துக்கு மேல தடுமாறுது

எந்தக் கை தடுமாறுதுன்னு தெரியாமலே மெட்ரோனோம ஏத்தி ஏத்தி அடிக்கிறதுதான் இதுல வர்ற பெரிய டைம் வேஸ்ட். தடுமாறுற வேகத்துல மெட்ரோனோம வச்சுட்டு மூணு டெஸ்ட் பண்ணுங்க.

ஒண்ணு, இடது கைய எடுத்துடுங்க. ஒரே ஓப்பன் கம்பில க்ளிக்குக்கு நாலுன்னு மாத்தி மாத்தி பிக் பண்ணுங்க.
ரெண்டு, வலது கைய எடுத்துடுங்க. ஹேமர் ஆன், புல் ஆஃப்ல (பிக் இல்லாம இடது கை விரலால தட்டியும் சுண்டியும் நோட் வர வைக்கிறது) மட்டும் அதே லைன ஓட்டுங்க.
மூணு, ரெண்டு கையும் சேத்து, ஆனா ஒரே கம்பில மட்டும்.

முதல் டெஸ்ட்லயே விழுது. வலது கை. பிக் கம்பிக்குள்ள எவ்வளவு போகுதுன்னு பாருங்க, நுனி ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் போனா போதும், சில பேர் பாதி பிக்க உள்ள விட்டு உழுதுட்டிருப்பாங்க. பிக் 0.46 மாதிரி மெல்லிசா வளையுற ஜாதின்னா அது திரும்பி நிமிர்றதுக்குள்ள அடுத்த நோட் வந்துடும், 1 மில்லிமீட்டருக்கு மேல ஒண்ணு வாங்குங்க. டன்லப் ஜாஸ் 3 சின்ன சைஸ், 1.38 மில்லிமீட்டர், லீட் வாசிக்கிறவங்க பல பேர் கையில அதுதான் இருக்கும். கிடார்ல செலவு பண்றதுலயே இதுதான் மலிவான அப்கிரேடு. அப்புறம் முழங்கை. வேகம் ஏறினதும் முழங்கை இறுகி மொத்த கையும் நடுங்க ஆரம்பிச்சா மணிக்கட்டு வேலை செய்யல.

ரெண்டாவதுல விழுது. இடது கை. விரல எவ்வளவு உயரத்துக்கு தூக்குறீங்கன்னு போன்ல வீடியோ எடுத்துப் பாருங்க, சுண்டுவிரல் பெரும்பாலும் எங்கயோ ஆகாசத்துல இருக்கும். அழுத்தமும் தேவைக்கு மேல இருக்கும். கம்பி மேல விரல சும்மா வச்சு தட்டிட்டே மெதுவா அழுத்துங்க, இரைச்சல் நின்னு நோட் தெளியுற இடம் வரும், அவ்வளவுதான் தேவை, நாம வழக்கமா அதுக்கு மேலயே அழுத்துறோம். சுண்டுவிரல் வரவே மாட்டேங்குதுன்னு சில பேர் ரொம்ப மனசு விட்டுப் போயிடுவாங்க. ஜாஸ் கிடாரிஸ்ட் ஜாங்கோ ரைன்ஹார்ட் 1928ல தீ விபத்துல மோதிர விரலும் சுண்டுவிரலும் முடங்கினப்புறம் சோலோவ பெரும்பாலும் ரெண்டே விரல்ல வாசிச்சவரு. சுண்டுவிரல பழக்குங்க, ஆனா அது வர்ற வரைக்கும் வாசிக்காம உக்காராதீங்க.

தனித்தனியா ரெண்டும் ஓகே, சேந்தா விழுது. பிக்கும் விரலும் ஒரே நேரத்துல இறங்கல. இதுக்கு மெதுவா வாசிச்சே சரி பண்ணிடலாம்னு நினைப்போம், ஓரளவுக்குத்தான் நடக்கும், ஏன்னா மெதுவா வாசிக்கும்போது கை அசையுற விதமே வேற. துண்டு துண்டா வேகமா அடிங்க: நாலு நோட் முழு வேகத்துல, அஞ்சாவதுல வந்து நில்லுங்க, மூச்சு விடுங்க, திரும்ப. அது சுத்தமாச்சுன்னா எட்டு நோட். ஒவ்வொரு நாலுலயும் முதல் நோட்ட கொஞ்சம் அழுத்தி அடிங்க, ரெண்டு கையும் அங்க சந்திச்சுக்கும்.

ஒரே கம்பில பறக்குது, கம்பி மாறும்போது விழுது. இதுதான் மறைஞ்சிருக்குற வில்லன். மேல் ஸ்ட்ரோக் முடிஞ்சதும் உங்க பிக் ரெண்டு கம்பிக்கு நடுவுல மாட்டிட்டு நிக்குது, அங்கேருந்து தாவித்தான் அடுத்த கம்பிக்குப் போகணும். பிக்க லேசா சாய்ச்சுப் பிடிச்சு, மேல வர்ற ஸ்ட்ரோக் கம்பிக் கூட்டத்த விட்டு வெளிய வர்ற மாதிரி பாருங்க. அப்போ பிக் காத்துல இருக்கும், எந்த கம்பிக்கு வேணா போகலாம். பென்டடானிக்ல (அஞ்சு நோட் ஸ்கேல்) கம்பிக்கு ரெண்டு நோட்தான, கீழ் ஸ்ட்ரோக்ல ஆரம்பிச்சா ஒவ்வொரு கம்பியும் மேல் ஸ்ட்ரோக்லயே முடியும், அதனால இந்த ஒரு சாய்வுலயே பென்டடானிக் முழுக்க ஓடிடும். கம்பிக்கு மூணு நோட் வர்ற ஸ்கேல்ல கணக்கு மாறும், அங்க மெல்லிசு கம்பிப் பக்கம் போகும்போது கீழ்-மேல்-கீழ்னு முடிச்சு அடுத்த கம்பியையும் அதே கீழ் இழுப்புலயே தொடுங்க, எகானமி பிக்கிங்னு சொல்றது இதத்தான்.

முதல் பத்து செகண்ட் நல்லா இருக்கு, அப்புறம் இறுகுது. டெக்னிக் சரியாத்தான் இருக்கு, இறுக்கம்தான். இறுக ஆரம்பிச்ச உடனே நிறுத்தி கைய தொங்கப் போட்டு உதறிட்டு திரும்ப ஆரம்பிங்க. இறுகின கையோட தொடர்ந்து வாசிச்சா இறுக்கத்தத்தான் பழகுறீங்க.

இதெல்லாம் பாத்தும் ரெண்டு மூணு மாசமா ஒரே இடத்துல நின்னா, வேகமா வாசிக்கிற ஒரு வாத்தியார்கிட்ட ஒரே ஒரு க்ளாஸ் போங்க, கை மட்டும் தெரியுற வீடியோவோட. நேர்ல பாக்குற கண்ணுக்கு அஞ்சு நிமிஷத்துல தெரியுறது நமக்கு வருஷக்கணக்கா தெரியாது.

## கை வலிக்குது

விரல் நுனி எரிச்சல், புதுசா வாசிக்கிறவங்களுக்கு சகஜம், தோல் தடிச்சா போயிடும். முன்கை சூடா இறுகுறது, மேல சொன்ன இறுக்கம், ஓய்வு எடுத்தா இறங்கணும். மணிக்கட்டு வலிச்சா கண்ணாடி முன்னாடி நில்லுங்க, இடது மணிக்கட்டு கூர்மையா மடங்கியிருந்தா ஸ்ட்ராப்ப ஏத்துங்க. ஸ்டைலுக்காக முழங்கால் வரைக்கும் கிடார தொங்கவிட்டவங்களுக்குத்தான் இது அதிகம் வருது.

மரத்துப் போறது, ஊசி குத்துற மாதிரி இருக்குறது, ராத்திரில எழுப்புற வலி, மறுநாள் காலைலயும் போகாத வலி, இதுல எது இருந்தாலும் கிடார கீழ வச்சுட்டு டாக்டர்கிட்ட இல்ல பிசியோதெரபிஸ்ட்கிட்ட போங்க. தைலம் தடவிட்டு கச்சேரி வாசிக்கிற வீரமெல்லாம் வேணாம். நரம்பு விஷயத்துல யூடியூப் பாத்து எக்ஸர்சைஸ் பண்ணவும் வேணாம்.

## வாசிக்கும்போது சரியா இருக்கு, ரெக்கார்டிங்ல தாளம் தள்ளிப் போகுது

உங்கள குறை சொல்றதுக்கு முன்னாடி ஹெட்ஃபோன பாருங்க. ப்ளூடூத்தா? கழட்டுங்க. அதுல சத்தம் 100, 200 மில்லிசெகண்ட்னு லேட்டா வரும், அத கேட்டு வாசிச்சா எந்த ஜாம்பவானும் தள்ளித்தான் வாசிப்பான். ஒயர் ஹெட்ஃபோன் போட்டு திரும்ப ரெக்கார்ட் பண்ணுங்க, பாதி பேருக்கு இங்கயே முடிஞ்சிடும்.

ஆடியோ இன்டர்ஃபேஸ்ல கம்ப்யூட்டருக்கு வாசிக்கிறவங்க பஃபர் சைஸ பாருங்க. 1024 சாம்பிள்னா 44.1 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு வழிக்கே சுமார் 23 மில்லிசெகண்ட், 128னா 3 மில்லிசெகண்ட்டுக்கு கீழ. ரெக்கார்ட் பண்ணும்போது 128, மிக்ஸ் பண்ணும்போது திரும்ப ஏத்திக்கலாம். இறக்கினதும் பட்பட்னு சத்தம் வந்தா கம்ப்யூட்டருக்கு தாங்கல, 256 வைங்க.

ரெண்டும் சரின்னா நீங்க முந்துறீங்க. லீட் ஆரம்பிச்சதும் எல்லாரும் முந்துவாங்க. மெட்ரோனோம பாதி வேகத்துல வச்சு, அந்த க்ளிக்க ரெண்டாவது, நாலாவது அடியா நினைச்சு வாசிங்க, ஸ்னேர் விழுற இடம் அதுதான். முதல் நாள் எரிச்சலா இருக்கும். நோட் வாசிக்கிற இடத்துல யாரும் முந்துறதில்ல, நோட் இல்லாத இடத்துலதான் முந்துறோம், அதனால கால தட்டிட்டே ரெஸ்ட்ட வாய் விட்டு எண்ணுங்க.

## நோட்டெல்லாம் சரி, ஆனா ஸ்கேல் ஒப்பிக்கிற மாதிரி கேக்குது

இது மத்ததெல்லாம் சரியானதுக்கு அப்புறம் வர்ற நோய், அதனால இது வந்தா ஒரு வகையில சந்தோஷப்படலாம்.

ரெக்கார்டிங்ல முதல்ல இடைவெளிய தேடுங்க. எங்கயாவது ரெண்டு செகண்ட் சும்மா இருந்தீங்களா? இல்லன்னா அதுதான் காரணம். ரெண்டு பார் வாசி, ரெண்டு பார் சும்மா இரு, இத ஒரு பேக்கிங் ட்ராக் (லீட் இல்லாத பின்னணி இசை) முழுக்க பண்ணுங்க. வாசிக்கிறத பாடிட்டே வாசிங்க, பாட்டுக்கு மூச்சு வேணும், மூச்சு விடுற இடத்துல கையும் நிக்கும்.

இடைவெளி இருந்தும் ஒட்டலன்னா, கார்டு மாறுறத நீங்க கவனிக்கல. ஏ மைனர், எஃப், சி, ஜி ஓடுற ட்ராக்க எடுத்துக்கோங்க, 5ஆவது ஃப்ரெட் ஏ மைனர் பென்டடானிக்ல இருக்குறது ஏ, சி, டி, ஈ, ஜி. எஃப் வரும்போது ஏ இல்ல சி-ல இறங்குங்க, சி வரும்போது ஈ, ஜி வரும்போது ஜி இல்ல டி. ஜி கார்டோட பி இந்த பென்டடானிக்ல கிடையாது, அத அந்த ஒரு இடத்துல மட்டும் கொண்டாந்து வைங்க, திடீர்னு வேற ஆள் வாசிச்ச மாதிரி கேக்கும். நடுவுல என்ன வாசிச்சாலும் பரவால்ல, கார்டு மாறுற அந்த முதல் அடில எங்க இறங்குறீங்கங்குறதுதான் கேக்குறவங்க காதுல நிக்கும்.

அதுவும் பண்ணியாச்சு, கை திரும்பத் திரும்ப அதே லிக்குக்குத்தான் (பழகின சின்ன லைன்) போகுதுன்னா, கைய கட்டிப்போடுங்க. ஒரே கம்பில மட்டும் வாசிங்க, இல்ல மூணே நோட் வச்சு அஞ்சு நிமிஷம் ஓட்டுங்க. அப்புறம் லிக் வீடியோ பாக்குறத நிறுத்திட்டு, உங்களுக்குப் பிடிச்ச சினிமா பாட்டோட பல்லவிய, பாடகர் எப்படி சறுக்கி, இழுத்து பாடுறாரோ அப்படியே கிடார்ல எடுங்க. டேப் (எந்த கம்பி, எந்த ஃப்ரெட்னு எழுதின தாள்) பாக்கக் கூடாது. யூடியூப்ல வேகத்த 0.5க்கு இறக்கினாலும் சுருதி மாறாது, ஒரு வரிக்கு ஒரு சாயங்காலம் ஆனாலும் ஆகட்டும். பெண்ட், ஸ்லைடு, வைப்ரேட்டோ மூணும் எதுக்குன்னு அங்க தெரியும். எனக்குத் தெரிஞ்சு இதுக்கு நிகரான பயிற்சி கிடையாது, ஆனா பத்துல ஒரு பையன்தான் பண்ணுவான், மத்தவங்க புது பெடல் வாங்கிடுவாங்க.

## ஹேமர் ஆன், புல் ஆஃப் கேக்கவே மாட்டேங்குது

ஃப்ரெட்டுக்கு ஒட்டி பின்னாடி விரல் விழணும், ரெண்டு ஃப்ரெட்டுக்கு நடுவுல இல்ல. புல் ஆஃப்ல விரல நேரா மேல தூக்கினா சத்தம் வராது, பக்கவாட்டுல லேசா கம்பிய சுண்டிட்டு வரணும். கம்ப்ரஸர், கெய்ன் எல்லாத்தையும் அணைச்சுட்டு க்ளீன்ல பழகுங்க. எல்லாம் பண்ணியும் கேக்கலன்னா ஆக்‌ஷன் ரொம்ப உயரம், அடுத்த தலைப்புக்கு வாங்க.

## கீழ சுருதியா இருக்கு, 12க்கு மேல போனா சேரல

புது கம்பி போட்டு, ட்யூன் பண்ணி, 12ஆவது ஃப்ரெட்ல ஹார்மோனிக்கயும் (கம்பிய அழுத்தாம ஃப்ரெட்டுக்கு நேரா மேல லேசா தொட்டு தட்டுறது) அதே ஃப்ரெட்ட அழுத்தியும் ட்யூனர்ல பாருங்க. அழுத்தினது ஷார்ப்பா இருந்தா சேடில நெக்க விட்டுத் தள்ளி பின்னாடி கொண்டு போங்க, ஃப்ளாட்டா இருந்தா நெக் பக்கம். எலக்ட்ரிக்ல ஸ்க்ரூ ட்ரைவர் போதும். மறக்காம மெதுவா அழுத்தியும் பாருங்க, பலமா அழுத்துற ஆளுக்கு கிடார் சரியா இருந்தாலும் ஷார்ப்பாத்தான் காட்டும்.

அதுலயும் சேரலன்னா, இல்ல ஆக்‌ஷன் உயரம்னு இங்க வந்திருந்தா, நெக் வளைஞ்சிருக்கா பாக்கணும். ஆறாவது கம்பிய முதல் ஃப்ரெட்லயும், நெக் உடம்போட சேருற ஃப்ரெட்லயும் ஒரே நேரத்துல அழுத்துங்க. 7ஆவது ஃப்ரெட் கிட்ட கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல ஒரு விசிட்டிங் கார்டு போற அளவு இடைவெளி இருக்கலாம். அதுக்கு மேல நல்லா பள்ளமா தெரிஞ்சாலோ, இடைவெளியே இல்லாம ஒட்டியிருந்தாலோ ட்ரஸ் ராட் (நெக்குக்கு உள்ள இருந்து வளைவ சரி பண்ற இரும்புத் தண்டு) வேலை. கால் சுத்துக்கு மேல ஒரே நாள்ல திருப்பாதீங்க, இறுக்கமா இருந்தா கால் சுத்து கூட வேணாம், உள்ள ராட் உடைஞ்சா நெக்கே போச்சு. அகூஸ்டிக்ல சேடில தேய்க்கிறது, நட் மாத்துறது, ஃப்ரெட் போடுறது இதெல்லாம் ரிப்பேர் தெரிஞ்ச ஆளோட வேலை. கிடார் விக்கிற கடைல எல்லாருக்கும் அது தெரியும்னு நினைச்சுக்காதீங்க, யார் கையில போகுதுன்னு கேட்டுட்டு கொடுங்க.

கொடுக்கும்போது "செட்டப் பண்ணுங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு வராதீங்க. எந்த கம்பி, எத்தனாவது ஃப்ரெட், பெண்ட் பண்ணும்போதா சும்மா அழுத்தும்போதா, நீங்க போடுற கம்பி சைஸ் என்ன, எந்த ட்யூனிங்ல வாசிக்கிறீங்க, இதெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி கேஸ்ல வைங்க. நீங்க வழக்கமா போடுற சைஸ்லயே ஒரு புது செட்டும் கூட கொடுத்துடுங்க, இல்லன்னா கடைல இருக்குற ஏதோ ஒரு கம்பிக்கு செட்டப் பண்ணிக் கொடுப்பாங்க, வீட்டுக்கு வந்து கம்பி மாத்தினதும் திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்கணும்.